ஏர்சாஃப்ட் துப்பாக்கியில் ஸ்பிரிங்கை மாற்றி வேகத்தைச் சரிசெய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் ஏர்சாஃப்ட் வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஏர்சாஃப்ட் என்பது 6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டு சுட்டு விளையாடும் துப்பாக்கி; இவை அதற்கு மட்டுமே பொருந்தும். ஸ்பிரிங் வகையில், பின்னால் இழுபட்ட பிஸ்டனை ஸ்பிரிங் முன்னால் தள்ள, சிலிண்டரில் உள்ள காற்று குண்டை வெளியே தள்ளும். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்: வேகம் சரியில்லை என்றால் ஸ்பிரிங்கில் கை வைப்பது கடைசி வேலையாகத்தான் இருக்க வேண்டும். ஏன் என்பது கீழே வரும்.

திருவிழாவில் பலூன் சுடுகிற துப்பாக்கியும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவிலோ மண்டைக்காடு கொடையிலோ பலூன் கடையில் இருப்பது 0.177 அங்குல, அதாவது 4.5 மி.மீ. ஈயக் குண்டு சுடும் ஏர் ரைஃபிள். அதன் ஸ்பிரிங் பல மடங்கு கடினமானது. ஸ்பிரிங் கம்பிரசர் இல்லாமல் அதைத் திறந்தால் பின்பக்க மூடி பாய்ந்து வந்து முகத்தில் அடிக்கும். இங்கே சொல்லும் எந்த முறையையும் அதில் செய்யாதீர்கள். அதன் ஸ்பிரிங்கை வெட்டி ஏர்சாஃப்டில் போடுவதும் நடக்காது. விட்டமும் பொருந்தாது, பிஸ்டனும் தாங்காது.

எம்90, எம்100, எம்120 என்று போட்டிருக்கிறதே, அந்த எண் என்ன?

0.20 கிராம் குண்டு நொடிக்கு எத்தனை மீட்டர் வேகத்தில் வெளியேறும் என்பதற்கான தோராயமான எண். எம்100 என்றால் சுமார் 100 மீ/வி, அதாவது 328 எஃப்.பி.எஸ். (நொடிக்கு இத்தனை அடி). எஃப்.பி.எஸ். எண்ணை 3.28-ஆல் வகுத்தால் மீ/வி கிடைக்கும்.

இந்த எண்ணை முழுதாக நம்ப வேண்டாம். ஒரே எம்100 ஸ்பிரிங், 363 மி.மீ. குழல் உள்ள எம்4-இல் ஒரு வேகமும் 110 மி.மீ. குட்டைக் குழல் உள்ள எம்.பி.5கே-யில் அதைவிடக் குறைந்த வேகமும் தரும். குட்டைக் குழலில் சிலிண்டர் காற்று முழுவதும் வேலை செய்து முடிப்பதற்குள் குண்டு வெளியே போய்விடும். சிலிண்டர், நாசில் (காற்று குண்டுக்குப் போகும் முனைக்குழாய்), ஹாப்-அப் ரப்பர் (குண்டைப் பின்னோக்கிச் சுழலவிடும் ரப்பர்) இவற்றின் காற்றடைப்பும் கணக்கில் சேரும். தயாரிப்பவருக்குத் தயாரிப்பவர் ஸ்பிரிங்கும் வேறுபடும். பெட்டியில் அச்சிட்டிருப்பதை விட்டுவிட்டு, வேகம் அளக்கும் கருவியான க்ரோனோ (க்ரோனோகிராஃப்) காட்டுவதைப் பாருங்கள்.

ஜூல் எப்படிக் கணக்குப் போடுவது?

ஜூல் என்பது குண்டு கொண்டுபோகும் ஆற்றலின் அளவு. 0.20 கிராம் குண்டுக்குக் கணக்கு மிகச் சுலபம். மீ/வி வேகத்தை அதே எண்ணால் பெருக்கி 10,000-ஆல் வகுங்கள். 100 மீ/வி என்றால் 1.0 ஜூல், 90 என்றால் 0.81, 110 என்றால் 1.21, 120 என்றால் 1.44. 0.25 கிராம் குண்டுக்கு 8,000-ஆல் வகுக்க வேண்டும்.

வேகம் 20 சதவீதம் கூடினால் ஜூல் 44 சதவீதம் கூடுகிறது. "எம்100-க்குப் பதில் எம்120 தானே போட்டேன், கொஞ்சம்தானே" என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எதிரில் நிற்பவரின் உடம்பில் இறங்குவது ஜூல்தான்.

முன்பு 330 எஃப்.பி.எஸ். வந்தது, இப்போது 280 தான். புது ஸ்பிரிங் வாங்கட்டுமா?

வாங்குவதற்கு முன் காற்றுக் கசிவைப் பாருங்கள். வேகம் விழுந்த துப்பாக்கிகளில் பெரும்பாலும் ஸ்பிரிங் நன்றாகவே இருக்கும், காற்றுதான் எங்கோ ஓடிக்கொண்டிருக்கும். கசிகிற துப்பாக்கியில் கடின ஸ்பிரிங் போட்டால் கசிவு கூடும், கியர் தேயும், வேகம் மட்டும் எதிர்பார்த்த அளவு வராது.

கியர்பாக்ஸைத் திறந்த பின் (திறக்கும் முறை கீழே வரும்) பிஸ்டன், சிலிண்டர், சிலிண்டர் தலை, நாசில் நான்கையும் கையிலேயே கோத்துக்கொள்ளுங்கள். பிஸ்டனைப் பின்னால் இழுத்து, நாசில் வாயை விரலால் அடைத்து, பிஸ்டனை முன்னால் தள்ளுங்கள். சைக்கிள் பம்பின் வாயை அடைத்தால் கைப்பிடி எப்படித் திமிறி நிற்குமோ அப்படி நிற்க வேண்டும். மெதுவாக உள்ளே இறங்கினால் கசிவு உண்டு.

எங்கே என்று பிரித்துப் பார்க்க நாசிலைக் கழற்றிவிட்டு சிலிண்டர் தலையின் குழாயை நேரடியாக விரலால் அடையுங்கள். இப்போது நன்றாக நின்றால் குற்றம் நாசிலில். உள்ளே ஓ-ரிங் இல்லாத நாசிலாக இருந்தால், ஓ-ரிங் உள்ளதாக மாற்றுவது ஸ்பிரிங் மாற்றுவதைவிட மலிவு. இப்போதும் இறங்கினால் பிஸ்டன் தலையின் ஓ-ரிங்கையோ சிலிண்டர் தலையையோ பாருங்கள். பிஸ்டன் தலை ஓ-ரிங் தளர்ந்திருந்தால் கழற்றி, அதன் பள்ளத்தில் டெஃப்ளான் டேப்பை ஒன்றரைச் சுற்று ஓட்டி, மேலே ஓ-ரிங்கை மாட்டலாம். மாட்டிய பின்பும் பிஸ்டன் தன் எடையிலேயே சிலிண்டருக்குள் வழுக்க வேண்டும். இறுக்கமாக நின்றால் டேப்பைக் குறையுங்கள். சிலிண்டர் தலை கசிந்தால் அதன் ஓ-ரிங்குகளுக்கு மேல் டெஃப்ளான் டேப் ஒரு சுற்று போதும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் வேகம் வரவில்லையா? ஹாப்-அப் ரப்பரைப் பாருங்கள். உதடு கிழிந்திருந்தாலோ எண்ணெய் பட்டு ஊதியிருந்தாலோ அங்கேயும் காற்று போகும். ரப்பர் விளையும் மாவட்டத்தில் இதை விளக்க வேண்டியதில்லை. இயற்கை ரப்பரில் மண்ணெண்ணெயோ கனிம எண்ணெயோ பட்டால் அது ஊதி இளகிவிடும். ஹாப்-அப்பில் துரு நீக்கும் ஸ்பிரே அடிப்பவர்கள் தங்கள் கையாலேயே வேகத்தைக் குறைக்கிறார்கள். சிலிக்கான் எண்ணெய் மட்டும், அதுவும் ஒரு சொட்டு.

வேகத்தைக் குறைக்க ஸ்பிரிங்கை வெட்டலாமா? வெட்டினால் ஸ்பிரிங் மென்மையாகிவிடும் என்கிறார்களே?

வெட்டலாம். ஆனால் மென்மையாகாது, கடினமாகும். சுருள் ஸ்பிரிங்கின் விறைப்பு, வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கைக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். சுற்று குறைந்தால் ஒவ்வொரு மில்லிமீட்டர் அமுக்கத்துக்கும் கூடுதல் விசை தேவை. பிறகு ஏன் வேகம் குறைகிறது? நீளம் குறைவதால் ஸ்பிரிங் ஏற்கெனவே அமுங்கியிருக்கும் அளவு, அதாவது முன்னமுக்கம், குறைகிறது. இந்த இரண்டும் எதிரெதிராக இழுப்பதால், வெட்டிய அளவுக்கு வேகம் விழாது.

ஒரு மாதிரிக் கணக்கு. தனி நீளம் 160 மி.மீ., விறைப்பு மில்லிமீட்டருக்கு 0.6 நியூட்டன், துப்பாக்கிக்குள் ஓய்வில் 110 மி.மீ., பிஸ்டன் முழுதாகப் பின்னால் வந்ததும் 60 மி.மீ. என்று வையுங்கள். ஓய்வில் 50 மி.மீ., முழு இழுப்பில் 100 மி.மீ. அமுக்கம். ஒரு சுடலுக்கு ஸ்பிரிங் தரும் ஆற்றல் 2.25 ஜூல். இதில் பாதிக்கும் குறைவாகத்தான் குண்டுக்குப் போகும். மீதி உராய்வு, கசிவு, பிஸ்டன் மோதல் என்று போய்விடும்.

பத்தில் ஒரு பங்கு வெட்டினால் நீளம் 144, விறைப்பு 0.667, ஆற்றல் 1.97 ஜூல். வேகம் 100-லிருந்து சுமார் 93 மீ/வி ஆகும். ஐந்தில் ஒரு பங்கு வெட்டினால் ஆற்றல் 1.61, வேகம் சுமார் 85. பத்தில் மூன்று பங்கு வெட்டினால் ஓய்வில் முன்னமுக்கம் வெறும் 2 மி.மீ. தான் மிஞ்சும். அப்போது பிஸ்டனை முன்னால் உறுதியாகப் பிடித்து வைக்க விசை இருக்காது, ஒரு சுடலுக்கு ஒரு வேகம் வரும், வேகமாகச் சுட்டால் பிஸ்டன் முன்னால் போய்ச் சேர்வதற்குள் கியர் அதைப் பிடிக்கும். அதனால்தான் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது என்கிறோம். அதற்குமேல் குறைக்க வேண்டுமானால் எம்90, எம்80 என்று சரியான ஸ்பிரிங்கே வாங்குங்கள்.

எப்படி வெட்டுவது?

ஸ்பிரிங் கம்பி மிகக் கடினமான எஃகு. சாதாரண கட்டிங் பிளையரில் வைத்தால் பிளையரின் வாய்தான் பள்ளமாகும். அதோடு துண்டு தெறித்துப் பறக்கும். சிறு கட்டிங் டிஸ்க் மாட்டிய ரோட்டரி மெஷின் நல்லது. இல்லையென்றால் லேத் பட்டறையில் பெஞ்ச் கிரைண்டரின் ஓரத்தில் கம்பியை வைத்துத் தேய்த்து அறுக்கலாம். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் இதைச் செய்யக் கூடாது.

முதலில் ஒரே ஒரு சுற்று. மாட்டி, பத்து சுடல் சுட்டு, சராசரி வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்பட்டால் இன்னொரு சுற்று. இது சலிப்பான வேலைதான், கியர்பாக்ஸை ஒவ்வொரு முறையும் திறக்க வேண்டும். ஆனால் வெட்டியதை ஒட்ட முடியாது.

வெட்டிய முனை கூராகவும் சாய்வாகவும் நிற்கும். அப்படியே போட்டால் ஸ்பிரிங் ஒரு பக்கமாகச் சாய்ந்து பிஸ்டனைச் சுவரோடு உரசும். கடைசி முக்கால் சுற்றைத் தவிர மீதியை ஈரத் துணியால் இறுகச் சுற்றிக்கொண்டு, அந்த முனையை மட்டும் கேஸ் டார்ச்சில் சிவக்கக் காய்ச்சி, தட்டையான இரும்பின் மேல் அழுத்தி அடுத்த சுற்றோடு சேர்த்து மூடுங்கள். ஆறியதும் முனையைக் கிரைண்டரில் தட்டையாக்கி எமரித் தாளில் பிசிர் எடுங்கள். ஸ்பிரிங்கை மேசையில் நிற்க வைத்தால் சாயாமல் நேராக நிற்க வேண்டும். ஈரத் துணி இல்லாமல் காய்ச்சினால் சூடு மேலே ஏறி நல்ல சுற்றுகளின் பதத்தையும் கெடுத்துவிடும்.

வெட்டிய முனை எந்தப் பக்கம் போக வேண்டும்?

ஸ்பிரிங் கைடு பக்கம், அதாவது ஸ்பிரிங்கின் பின்முனையைத் தாங்கும் தண்டின் பக்கம். அங்கே உலோக வாஷரோ பேரிங்கோ இருக்கும், அது அசையாது. பிஸ்டன் பெரும்பாலும் பிளாஸ்டிக். கூர்முனை அதைச் சுரண்டித் தின்னும்.

ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் அகலமாகவும் சுற்றிய ஸ்பிரிங்காக இருந்தால் எங்கே வெட்டுகிறோம் என்பதும் முக்கியம். நெருக்கமான பக்கம் ஒரு சுற்று எடுத்தால் நீளம் கொஞ்சமாகத்தான் குறையும், வேகமும் கொஞ்சமாக விழும். அகலப் பக்கம் எடுத்தால் ஒரே சுற்றில் நிறைய விழும். நுணுக்கமாகக் குறைக்க நெருக்கமான பக்கமே வசதி.

வேகம் கூட்ட ஸ்பிரிங்கை இழுத்து நீட்டலாமா?

கூடாது. இழுத்தவுடன் நீளமாகத் தெரியும், சில நூறு சுடல்களில் மறுபடி சுருங்கும். சுற்றுகளின் இடைவெளியும் ஒன்றுக்கொன்று மாறிப்போயிருக்கும்.

பின்னால் வாஷர் வைத்தால்?

வெட்டியதில் கொஞ்சம் அதிகமாகிவிட்டால் சரிசெய்ய இது நல்ல வழி. மேலே சொன்ன மாதிரி ஸ்பிரிங்கில் 5 மி.மீ. தடிப்பு வைத்தால் ஆற்றல் 2.25-லிருந்து 2.4 ஜூல் ஆகும், வேகம் 3 சதவீதம்போலக் கூடும். ஆனால் முழு இழுப்பில் சுற்றோடு சுற்று முட்டிவிடக் கூடாது. கணக்கு எளிது: கம்பியின் தடிமனைச் சுற்றுகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். 1.4 மி.மீ. கம்பி, 36 சுற்று என்றால் 50.4 மி.மீ. முழு இழுப்பில் ஸ்பிரிங்கின் நீளம் இதைவிடக் குறைந்தது 3 மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். முட்டினால் பிஸ்டனின் கடைசிப் பல்லும், பிஸ்டனைப் பின்னால் இழுக்கும் செக்டார் கியரும் அன்றே போகும்.

ஹார்டுவேர் கடை ஸ்பிரிங், அல்லது பட்டறையில் சுற்றிய ஸ்பிரிங் போடலாமா?

பரிந்துரைக்க மாட்டோம். கம்பியின் தடிமன் நான்காம் அடுக்கில் வேலை செய்கிறது. 1.4 மி.மீ. கம்பிக்குப் பதில் 1.5 மி.மீ. கம்பி என்றால், மற்றதெல்லாம் அப்படியே இருந்தாலும் விறைப்பு 32 சதவீதம் கூடும். கண்ணால் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. சுற்றின் விட்டமோ மூன்றாம் அடுக்கில் எதிர்த்திசையில் வேலை செய்யும். வெர்னியர் வைத்து இரண்டையும் அளக்காமல் எந்த ஸ்பிரிங்கையும் "இது அதேதான்" என்று சொல்ல முடியாது.

கியர்பாக்ஸை எப்படித் திறப்பது? ஸ்பிரிங் பறந்துவிடுகிறது.

எம்4 வகைகளில் இருக்கும் வெர்ஷன் 2 கியர்பாக்ஸை வைத்துச் சொல்கிறோம்.

மேகசினைக் கழற்றி, குழலில் குண்டு இல்லை என்று பார்த்து, தனிச் சுடலில் ஒரு முறை சுட்டுவிட்டு பேட்டரியை எடுங்கள். முன்பக்க ஆணியைத் (pin) தட்டி மேல்பாகத்தை உருவுங்கள். கைப்பிடியின் அடித்தட்டைத் திறந்து மோட்டாரை வெளியே எடுத்த பின், கைப்பிடிக்குள் இருக்கும் ஸ்குரூக்களைக் கழற்றுங்கள். தோளில் ஊன்றும் பின்கட்டை, மேகசின் பிடி, பின்பக்க ஆணி ஆகியவற்றையும் கழற்றினால் கியர்பாக்ஸ் வெளியே வரும்.

இப்போது அவசரப்படாதீர்கள். கியர் பின்னால் சுழலாமல் தடுக்கும் கொக்கி ஒன்று உள்ளே இருக்கிறது. ஸ்பிரிங் பாதி இழுப்பில் நின்றிருந்தால் இதுதான் அதைப் பிடித்திருக்கும். மோட்டார் பல் நுழையும் வாய் வழியாக மெல்லிய ஸ்குரூ டிரைவரை விட்டு, மோட்டாரோடு சேரும் பெவல் கியரைச் சற்று முன்னால் தள்ளிக்கொண்டே கொக்கியை விலக்குங்கள். "டர்ர்" என்று கியர்கள் சுழன்று ஓயும். அதன்பிறகுதான் மேலோட்டின் ஸ்குரூக்கள். பெரும்பாலும் டி10 டார்க்ஸ்.

மேலோட்டைத் தூக்கும்போது ஸ்பிரிங் கைடின் பின்துளையில் நீளமான ஸ்குரூ டிரைவர் ஒன்றைச் செருகி, கைடைக் கீழே அழுத்திப் பிடித்திருங்கள். பெரிய தெளிவான பிளாஸ்டிக் பைக்குள் வைத்துத் திறந்தால் பறப்பவை பைக்குள்ளேயே விழும். கியர்களின் அச்சில் இருக்கும் மெல்லிய ஷிம் வளையங்கள் எந்தப் பக்கம் எத்தனை என்று உடனே படம் எடுத்துக்கொள்ளுங்கள். 0.1 மி.மீ. ஷிம் கிரீஸோடு மேலோட்டில் ஒட்டிக்கொண்டு போய்விடும், கவனிக்காவிட்டால் மூடிய பின் கியர் அலறும்.

உங்கள் கியர்பாக்ஸ் ஸ்பிரிங் விரைவு மாற்று வகை என்றால் இந்தப் பாடு இல்லை. பஃபர் குழாயைக் கழற்றி, பின்னாலிருந்து கைடை அமுக்கி, திருப்பி, மெதுவாக வெளியே விட்டால் போதும். புதிதாக வாங்குபவர்கள் இந்த வகையையே கேட்டு வாங்குங்கள்.

எம்120 போட்டால் எது முதலில் உடையும்?

பிஸ்டனின் முதல் பல். செக்டார் கியர் அதைப் பிடிக்கும் கோணம் சரியாக இல்லாவிட்டால் முழுச் சுமையும் பல்லின் நுனியில் விழும். சிலிண்டர் தலையில் தடித்த சார்போதேன் (அதிர்வை உறிஞ்சும் ரப்பர் போன்ற பொருள்) திண்டு ஒட்டி பிஸ்டனைச் சற்றுப் பின்னுக்கு நிறுத்தி, முதல் பல்லுக்கு அடுத்த பல்லை அரத்தால் எடுத்துவிட்டால் கியர் முழு முகத்தோடு படியும். எம்110-க்கு மேல் போகிறவர்கள் இந்த வேலையைச் செய்யாமல் ஸ்பிரிங் மட்டும் மாற்றக் கூடாது. அதோடு எஃகுப் பற்கள் உள்ள பிஸ்டன், உலோக புஷிங், அதிக முறுக்குவிசை உள்ள மோட்டார் என்று செலவு வரிசையாக வரும். பழைய ட்ரிக்கர் கான்டாக்டும் கருகும், மாஸ்ஃபெட் (மின்னணு சுவிட்ச்) போட வேண்டிவரும். வெர்ஷன் 2-வின் முன்பக்க ஓடே விரிசல் விடுவதும் உண்டு.

அப்படியென்றால் எம்80 பாதுகாப்பானது, எதுவும் உடையாது?

மெதுவாகச் சுடும்வரை உடையாது. 11.1 வோல்ட் லைப்போ பேட்டரியும் வேகமான மோட்டாரும் போட்டு மென்மையான ஸ்பிரிங்கும் வைத்தால், பிஸ்டன் முன்னால் போய்ச் சேரும் முன்பே செக்டார் கியர் அடுத்த சுற்றுக்கு வந்துவிடும். பற்கள் நடுவில் மோதி ஒரே தொடர் சுடலில் பிஸ்டன் மொட்டையாகும். எம்80, எம்90-க்கு 7.4 வோல்ட் போதும்.

கையால் இழுக்கும் ஸ்னைப்பரில் ஸ்பிரிங் மாற்றுவது?

கியர் இல்லாததால் திறப்பது எளிது. சிலிண்டரின் பின்முனையைக் கழற்றினால் ஸ்பிரிங் வரும். சிக்கல் சியரில், அதாவது பின்னால் இழுத்த பிஸ்டனைப் பிடித்து வைக்கும் கொக்கியில். வி.எஸ்.ஆர்.-10 வகையில் பிஸ்டனும் சியரும் 45 டிகிரியில் பிடிக்கின்றன. கடின ஸ்பிரிங் போட்டால் சாய்வில் வழுக்கித் தேயும், ஒருநாள் ட்ரிக்கரைத் தொடாமலே சுடும். 90 டிகிரி பிஸ்டனும் அதற்கான ட்ரிக்கர் செட்டும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

கேஸ் துப்பாக்கியில்?

அங்கே வேகத்தைத் தருவது வாயு அழுத்தம். ரிகாயில் ஸ்பிரிங்கை மாற்றினால் ஸ்லைடு திரும்பும் வேகம்தான் மாறும். வேகத்தைக் கட்டுப்படுத்த நாசிலுக்குள் இருக்கும் வால்வைத்தான் சரிசெய்ய வேண்டும். கேஸில் கனமான குண்டு போட்டால் ஜூல் ஏறும் என்பதால், 0.20-இல் அளந்து அனுமதி வாங்கி 0.30-இல் விளையாடுவது எதிரில் நிற்பவரை ஏமாற்றுவது.

ஆரல்வாய்மொழிப் பக்கம் விளையாடும்போது குண்டு காற்றில் அடித்துப் போகிறது. பவர் கூட்டினால் சரியாகுமா?

ஜூன் முதல் செப்டம்பர் வரை முப்பந்தல் கணவாய்க் காற்றில் 0.20 கிராம் குண்டு எந்த வேகத்தில் போனாலும் விலகும். காற்றாலைகள் அங்கே நிற்பதே அந்தக் காற்றுக்காக. ஸ்பிரிங்கைத் தொடாமல் 0.28 அல்லது 0.30 கிராம் குண்டுக்கு மாறி, ஹாப்-அப்பைக் கூட்டிச் சரிசெய்யுங்கள். வெளியேறும் வேகம் குறையும், ஆனால் கனமான குண்டு வேகத்தை மெதுவாகவே இழக்கும். தூரத்தில் போய்ச் சேரும்போது அதுவே நேராக நிற்கும். ஸ்பிரிங் மாற்ற ஆகும் செலவில் நல்ல குண்டு இரண்டு பை வாங்கலாம்.

குளச்சல், முட்டம் போன்ற கடலோரத்தில் ஸ்பிரிங் சீக்கிரம் துருப்பிடிக்கிறதே?

உப்புக் காற்றும் இரண்டு பருவமழையும் சேர்ந்த மாவட்டம் இது. துரு ஸ்பிரிங்கில் வெறும் அழகுக் குறை அல்ல. துருவின் சிறு குழியில்தான் விரிசல் தொடங்கும், ஆயிரக்கணக்கான அமுக்கங்களில் அது வளர்ந்து சுற்று ஒடியும். மெல்லிய எண்ணெய்ப் படலம் எப்போதும் இருக்க வேண்டும். துப்பாக்கியை உறைக்குள் ஈரத்தோடு மூடி வைக்காமல், சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளானால் காறிப் பிசுபிசுப்பாகி மணலைப் பிடித்துக்கொள்ளும். அதைவிட முக்கியம், துருவை எடுக்கப் புளி, எலுமிச்சை, வினிகர், கழிவறை ஆசிட் எதிலும் ஊறப்போடாதீர்கள். கடின எஃகில் அமிலம் பட்டால் ஹைட்ரஜன் உள்ளே ஏறி உலோகத்தை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோகும். பளபளவென்று இருக்கும் ஸ்பிரிங் மறுநாள் இழுப்பில் இரண்டாக உடையும். மேலோட்டமான துருவை எண்ணெயும் ஸ்டீல் வூலும் வைத்துத் தேய்க்கலாம். குழி விழுந்திருந்தால் ஸ்பிரிங்கையே மாற்றுங்கள்.

க்ரோனோகிராஃப் இல்லை. எப்படி அளப்பது?

ஒரு குழுவுக்கு ஒன்று வாங்கிவிடுவது நல்லது. அதுவரை மொபைலில் ஒலிப்பதிவு செய்து தோராயமாக அளக்கலாம். துப்பாக்கி முனையருகே மொபைலை வைத்து, சரியாக 3 மீட்டரில் தகரத் தட்டு ஒன்றை நிறுத்திச் சுடுங்கள். பதிவை அலைவடிவம் காட்டும் ஆப்பில் திறந்து, பிஸ்டன் அடிக்கும் ஒலிக்கும் தகரத்தில் படும் ஒலிக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 41 மில்லி வினாடி என்றால், தகரத்து ஒலி திரும்பி வரும் 8.6 மில்லி வினாடியைக் கழித்தால் 32.4. 3-ஐ 0.0324-ஆல் வகுத்தால் 92.6 மீ/வி. காற்றுத்தடையால் இது முனை வேகத்தைவிட 5 சதவீதம்போலக் குறைத்துக் காட்டும், ஆகவே உண்மையில் 97 அருகில். ஹாப்-அப்பை முழுதாக அணைத்து, பத்து சுடலின் சராசரியை எடுங்கள். பத்திலும் எண் தாறுமாறாக ஏறி இறங்கினால் மறுபடியும் காற்றடைப்பைப் பார்க்க வேண்டும்.

எத்தனை ஜூல் வைத்துக்கொள்வது சரி?

ஜப்பானில் 2006-க்குப் பிறகு 0.98 ஜூல் வரம்பு. பிரிட்டனில் 2017 சட்டப்படி தொடர் சுடலுக்கு 1.3, தனிச் சுடலுக்கு 2.5. ஜெர்மனியில் 0.5 ஜூலுக்குள் இருந்தால்தான் விளையாட்டுப் பொருள். குலசேகரம், திருவட்டாறு பக்கத்து ரப்பர் தோட்டங்களில் மரங்களுக்கிடையே நெருங்கி ஆடுபவர்களுக்கு 1.0 ஜூலுக்கு மேல் எந்தத் தேவையும் இல்லை. 0.8 இன்னும் நல்லது.

கண் காப்பு எந்த ஜூலுக்கும் கட்டாயம். ஈ.என். 166 என்ற ஐரோப்பியத் தரத்தில் எஃப் (F) முத்திரை என்பது 6 மி.மீ. எஃகுக் குண்டை 45 மீ/வி வேகத்தில் தாங்கும் சோதனை, அது சுமார் 0.87 ஜூல்தான். பி (B) முத்திரை 120 மீ/வி வேகத்தை, அதாவது சுமார் 6.2 ஜூலைத் தாங்கும். பி முத்திரை உள்ளதையே வாங்குங்கள். கூலிங் கிளாஸ் கண் காப்பு அல்ல.

சட்டப்படி இதற்கு லைசென்ஸ் வேண்டுமா?

ஆயுத விதிகள் 2016-ன்படி முனை ஆற்றல் 20 ஜூலுக்கு மேலோ துளை 0.177 அங்குலத்துக்கு மேலோ உள்ள காற்றுத் துப்பாக்கி உரிமம் தேவைப்படும் வகைக்குள் போகிறது. 6 மி.மீ. என்பது 0.177 அங்குலத்தைவிடப் பெரிது. ஆகவே "ஒரு ஜூல்தானே" என்று நீங்களே முடிவு செய்துவிடாமல், வாங்குவதற்கு முன் நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கத்தில் நின்றுவிடலாம்.

கொண்டுபோகும்போது பூட்டிய பெட்டி, பேட்டரி தனியாக, மேகசின் தனியாக, முனையில் ஆரஞ்சு நிறம். களியக்காவிளை சோதனைச் சாவடியில் நிற்கும் காவலருக்கு அது பொம்மையா என்று தூரத்திலிருந்து தெரியாது. கன்னியாகுமரிக் கடற்கரையில் வைத்துப் படம் எடுக்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

வாழைத் தோட்டத்தில் குரங்கும் மயிலும் தொல்லை. பவர் கூட்டி விரட்டலாமா?

கூடாது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி இது குற்றம், மயிலுக்கு உச்சப் பாதுகாப்பு உண்டு. குண்டு கண்ணில் பட்டால் அந்த உயிர் குருடாகி மெதுவாகச் சாகும். சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் பறவைகளுக்காகவே சர்வதேச ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இருப்பவை, அங்கே துப்பாக்கியோடு போகவே வேண்டாம். இந்தக் காரணத்துக்காக ஸ்பிரிங் கேட்பவர்களுக்கு நாங்கள் உதவுவதில்லை.

ஒரு ஸ்பிரிங்கை எப்போது தூக்கிப் போடுவது?

வாங்கிய அன்றே தனி நீளத்தை வெர்னியரிலோ ஸ்கேலிலோ அளந்து எழுதி வையுங்கள். முதல் சில நூறு சுடல்களில் கொஞ்சம் குறுகுவது இயல்பு. அதன்பிறகு நிற்க வேண்டும். அந்த நிலைத்த நீளத்திலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், தரையில் உருட்டும்போது நெளிந்து உருண்டால், சுற்றுகளில் எங்காவது பளபளப்பான உரசல் தடம் ஆழமாக விழுந்திருந்தால் மாற்றுங்கள். விளையாடி முடித்ததும் தனிச் சுடலில் ஒரு முறை வெறுமையாகச் சுட்டுவிட்டு வைத்தால் ஸ்பிரிங் பாதி இழுப்பில் நாள்கணக்காக நிற்காது. கழற்றிய பழைய ஸ்பிரிங்கில் எழுதுகோலால் நீளத்தையும் வேகத்தையும் எழுதிய சீட்டு ஒன்றைக் கட்டி வையுங்கள், அடுத்த முறை வாஷர் கணக்குப் போட அது உதவும்.